நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளின்போது, கொழும்புக் கிளையின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் இந்த உரையை எழுதியவர்கள் மூவர். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்களில் ஒருவர் கட்டடக் கலைஞர். ஒருவர் நில அளவையாளர். மற்றவர் முப்பது வருடம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஆகவே இந்த உரையில் வரும் 'நாங்கள்' என்பதை மரியாதைப் பன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேர் பல மாலைகள் வாதாடி, தேநீர் ஆறிப்போன பிறகு ஒருவாறு ஒத்துக்கொண்ட கருத்து இது.

சங்கம் எங்களிடம் கேட்டது ஒரு வீட்டைப் பற்றிய ஆலோசனை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எமது சங்கத்துக்கு ஒரு வீடு இருப்பது உங்களிற் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் இல்லாத ஒரு மூத்த பழைய மாணவி தன் காலத்துக்குப் பின் சங்கத்துக்கென்று எழுதிவைத்துப்போன வீடு. இருபது பேர்ச் காணி. முன்னால் விறாந்தை, பின்னால் ஒரு பலாமரம், பலகை போட்டு மூடிய கிணறு. புகையிரத நிலையத்துக்கு நடையில் நான்கு நிமிடம்.

ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும், பரீட்சைக்கும், முதல் உத்தியோகத்துக்கும், தாயை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கும் வரும் எங்கள் பிள்ளைகள் தங்குவது அங்கேதான். இரவுத் தபால் ரயிலில் இரவு முழுக்கக் குந்தியிருந்து வந்து, கோட்டையில் மாறி, கரையோரப் பாதைக் கோச்சியில் ஏறி, பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கேற்றைத் திறந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். முதல் நாள் இரவு அங்கே தலையணையை நனைத்தவர்களும் இருக்கிறீர்கள். யாரென்று நாங்கள் சொல்லமாட்டோம்.

அந்த வீட்டுக்கு இப்போது ஒரு கேள்வி வந்திருக்கிறது. கட்டட நிறுவனம் ஒன்று வந்து பேசியிருக்கிறது. வீட்டை உடைத்துவிட்டுப் பத்து மாடி எழுப்புவார்கள். இரண்டு மாடி சங்கத்துக்கு, மிகுதி எட்டும் விற்பனைக்கு. எங்கள் கையிலிருந்து ஒரு சதமும் போகாது. வாசலில் கொடையாளியின் பெயர் பொறித்த கல் வைப்பார்கள். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. எங்கள் பரிந்துரையைச் சொல்ல முன்பு, அந்த ஒழுங்கை எப்படி வந்தது, அந்தக் காணிக்கு ஏன் இப்படி ஒரு விலை வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

இலங்கையில் முதற் புகையிரதம் ஓடியது 1864இல், கொழும்பிலிருந்து அம்பேபுச வரை. கோப்பியை மலைநாட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அந்தப் பாதையின் நோக்கம். கரையோரப் பாதையோ தொடக்கத்திலிருந்தே ஆட்களை நிறைய ஏற்றியது. 1877இல் அது பாணந்துறையை எட்டியது. 1895இல் மாத்தறையை அடைந்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலோரமாக நிலையங்கள் வந்தன. கோட்டையில் கந்தோர் வேலை பார்ப்பவர் தோட்டமும் கிணறும் உள்ள வீட்டில் இருந்துகொண்டு தினமும் போய்வரலாம் என்ற நிலை வந்தது.

தென்னந்தோப்புகள் துண்டாடப்பட்டன. காலி வீதிக்கும் தண்டவாளத்துக்கும் இடையில், சீப்பின் பற்கள்போல ஒழுங்கைகள் விழுந்தன. ஸ்ரேசன் வீதி, பிரெட்ரிகா வீதி, இராமகிருஷ்ண வீதி, கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் 57ஆவது ஒழுங்கை எல்லாம் அந்த அமைப்புக்குள் வருபவைதான். இன்று நாங்கள் பாரம்பரியம் என்று சொல்லி மனம் உருகும் விறாந்தை வீடுகள் அன்று புகையிரதத்தைப் பார்த்து வந்த புதுக் கட்டடங்கள். அவை எழும்பத் தென்னைகள் விழுந்தன. அந்தத் தென்னைகளின் கீழ் வாழ்ந்தவர்களுக்கும் ஒரு வருத்தம் இருந்திருக்கும். அதை யாரும் மலர் போட்டு எழுதவில்லை.

கொழும்பின் மறுபக்கத்திலும் இதேதான். 1899இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கி, கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கமும் பொரளைப் பக்கமும் போனது. 1960இல் அது நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆனால் அந்த வழியில் நெருங்கி எழுந்த கடைகளும் வீடுகளும் அப்படியே இருந்தன. போக்குவரத்து ஒரு ஊரை நெருக்கமாக்கும். போக்குவரத்து போய்விட்டால் நெருக்கம் மட்டும் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இப்போது எங்கள் நில அளவையாளரின் கணக்கு. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஊர்க் கணக்கில் பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆக எங்கள் காணி இரண்டு பரப்பு, 5,445 சதுர அடி. காணியின் அளவுக்குச் சமமான தளப்பரப்பைத்தான் கட்டலாம் என்று விதி இருந்தால், ஆயிரம் சதுர அடி வீடு ஐந்துதான் வரும். நான்கு மடங்கு கட்டலாம் என்று விதி மாறினால் 21,780 சதுர அடி. படி, நடைவழி எல்லாம் கழிக்காமல் பார்த்தால் இருபது வீடு. காணி அசையவில்லை. ஒரு கூடை மண்கூட மேலதிகமாக வரவில்லை. ஒரு வரி விதி மாறியதும் காணியின் விலை ஏறிவிடுகிறது.

நிலையத்துக்கு ஐந்து பத்து நிமிட நடையில் இருக்கும் காணிக்கு அப்படியான விதியைக் கொடுப்பதைத்தான் இன்று உலகெங்கும் போக்குவரத்தை மையமாகக் கொண்ட அபிவிருத்தி என்கிறார்கள். நல்ல எண்ணந்தான். மக்கள் நிலையத்தருகே வாழ்ந்தால் வாகனம் குறையும், புகை குறையும், வயதானவர்கள் நடந்தே கடைக்குப் போவார்கள். நாங்கள் மூவரும் நெருக்கத்துக்கு எதிரிகள் அல்லர். எங்கள் கேள்வி வேறு: ஏறிய விலை யாருடைய கையில் சேர்கிறது? ஹொங்கொங்கில் புகையிரத நிறுவனமே நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டும் உரிமையைப் பெற்று, அந்த வருமானத்தில் பாதை போடுகிறது. ஏறிய விலையில் ஒரு பங்கு மீண்டும் ரயிலுக்கே போகிறது. எங்கள் ஒழுங்கைகளில் அது காணிக்காரருக்கும் கட்டுபவருக்கும் போனது. கோச்சி பழைய கோச்சிதான். காலையில் வெள்ளவத்தையில் நின்று பாருங்கள், மிதிபலகையில் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் ஒன்று வருவதாக இருந்தது. ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள், ஜப்பானியக் கடனுதவி. ஒப்பந்தம் 2019இல் கைச்சாத்தாகி, 2020இல் திட்டம் கைவிடப்பட்டது. நகரத்தின் கட்டடங்களோ அதற்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளவத்தையின் பழைய நெசவாலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஒழுங்கை ஒழுங்கையாகத் தொடர்மாடிகள். தொடர்மாடியின் தரைத்தளத்தில் முன்பு விறாந்தை இருந்த இடத்தில் கார்த் தரிப்பிடம். நிலையத்துக்கு நான்கு நிமிடம் என்று விளம்பரம் செய்து விற்ற வீட்டுக்காரர், காலையில் அந்த நான்கு நிமிடத்தை நடக்காமல் காரை எடுத்துக்கொண்டு காலி வீதி நெரிசலில் நிற்கிறார். ட்ராம் போனபின் மிஞ்சிய நெருக்கத்தைப் பற்றிச் சொன்னோம். இது ரயில் வளராமலே வளர்ந்த நெருக்கம்.

இவ்விடத்தில் ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளவத்தையின் பழைய வீடுகளை உடைத்தது யாரோ அந்நியர் அல்லர். பெரும்பாலும் நாங்கள்தான்.

1983க்குப் பிறகு சிலர் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலோ விமானமோ ஏறினோம். 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது 2014இல். இடைப்பட்ட காலத்தில் ஊரை விட்டு வந்தவர்களுக்கு வெள்ளவத்தை ஒரு கூடு. லொட்ஜ் அறையில் ஐந்து பேர், பொலிஸ் பதிவுத் துண்டு கையில், விசாவுக்காகக் காத்திருப்பு. தமிழர் பக்கத்தில் தமிழர் இருந்தால் பயம் குறைவு. அந்தப் பயந்தான் முதல் மாடிகளைக் கட்டியது என்று சொன்னால் மிகையாகாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு, அம்மாவுக்கு ஒரு பிளாற் ஆனது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆதன உரிமைச் சட்டம், மாடியில் இருக்கும் ஒரு வீட்டுக்குத் தனி உறுதி எழுத வழி செய்திருந்தது. காணி வாங்க வசதியில்லாதவரும் கொழும்பில் ஒரு கதவுக்குச் சொந்தக்காரராகலாம் என்றானது.

அந்த நெருக்கம் எங்களுக்குத் தந்தவை கொஞ்சமல்ல. பின்னேரம் ஆறு மணிக்குத் தனியே நடந்துபோய்க் கோயில் கும்பிட்டு, மரக்கறி வாங்கி, தோசைக்கடையில் பார்சல் எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஊர் அது. விதவையான பெண்களும், பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய தாய்மாரும் தனியே வாழ முடிந்த ஊர். பத்துப் பரப்பு வளவுக்குள் தனியாக இருந்திருந்தால் அது நடந்திராது. ஆகவே தொடர்மாடியைப் பழிக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் போனவற்றையும் சொல்வோம். கிணறுகள் தூர்ந்தன, மழைத்தண்ணீர் இறங்க மண் இல்லை. கடற்காற்று முதல் வரிசை மாடிகளோடு நின்றுவிடுகிறது. தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத ஒழுங்கைகளில் எட்டு, பத்து மாடிகள். நகரத்தின் பாதாளச் சாக்கடையின் அடிப்படை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற காலத்தில் போடப்பட்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், சுமார் 37 சதுர கிலோமீற்றர் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 15,000. இத்தனை பேர் சேர்ந்து வாழ்வது பிழையல்ல. குழாயும் வடிகாலும் ரயிலும் கூட வளராமல் மாடி மட்டும் வளர்வதுதான் பிழை.

வீட்டின் முன்பக்கக் கராஜில் இருக்கும் தையல் மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளின் சாரிச் சட்டைகளை இருபது வருடத்துக்கு மேலாகத் தைப்பவர். பட்டமளிப்புக்கு முதல்நாள் இரவு கொண்டுபோய்க் கொடுத்தாலும் காலையில் தருபவர். இரவு பிந்தி வரும் பிள்ளைக்காகக் கடையைப் பூட்டாமல் வெளிச்சம் போட்டு வைத்திருப்பவர். வாடகை பெயருக்குத்தான். கட்டட நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த இடத்தில் காவலாளி அறையும் கார் ஏறும் சரிவும் இருக்கின்றன. மாஸ்டருக்கு எங்கே இடம் என்று கேட்டோம். நட்டஈடு கொடுக்கலாம் என்றார்கள்.

மாஸ்டர் பிறந்தது கொம்பனித்தெருவில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கமாக மூன்றாவது நிலையம். பழைய மரத்தூண்களும் கூரையும் உள்ள அழகான நிலையம். நீங்கள் எல்லோரும் ஜன்னலால் பார்த்திருப்பீர்கள், இறங்கியிருக்கமாட்டீர்கள். ஜாவா ஒழுங்கை, மலே வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களே அதன் கதை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைக்கென்று கொண்டுவந்த மலாய் மக்களின் குடியிருப்பு அது. 1786இல் தோன்றிய வேகந்தைப் பள்ளிவாசலும், முருகன் கோவிலும், தேவாலயங்களும், விகாரைகளும் ஒரு நடைத்தூரத்துக்குள். தமிழர் ஒருவர் குடும்பத்தின் ரியோ திரையரங்கு 1983இல் எரிந்தது. அந்தக் கரிப்பிடித்த கட்டடம் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது.

2010க்குப் பிறகு அந்தப் பேட்டையின் முகம் மாறியது. வரிசை வீடுகள் போய்க் கோபுரங்கள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடம், அதன் கீழ்த்தளக் கடைகளோடு, இன்று இல்லை. புகையிரதக் கடவையில் வாகனங்கள் காத்திருக்கக் கூடாதென்று எழுப்பிய மேம்பாலம் 2024இல் திறக்கப்பட்டது. அங்கிருந்த குடும்பங்களிற் பல மாடிவீடுகளுக்குப் போயின. மாஸ்டரின் குடும்பமும் அப்படித்தான். புது வீடு பழையதைவிட நல்லதுதான் என்று அவரே சொல்கிறார். கழிப்பறை உள்ளே இருக்கிறது, மழைக்கு ஒழுகாது, பெயரில் ஒரு உறுதி இருக்கிறது. இதை மறைத்துப் பேசினால் அது நேர்மையல்ல. ஆனால் அவருடைய வாப்பா, மின்தூக்கி பழுதான நாட்களில் பள்ளிக்குப் போவதை விட்டார். பிறகு மற்ற நாட்களிலும் விட்டுவிட்டார். "வீடு கிடைச்சது, தெரு போச்சு" என்று மாஸ்டர் ஒருநாள் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார். நாங்கள் மூவரும் படித்த புத்தகங்கள் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

கடல் கடந்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல. சிங்கப்பூரில் 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டன. பழைய கடைவீடுகளின் முகப்புகள் காப்பாற்றப்பட்டு வண்ணம் பூசப்பட்டன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. 2003இல் வடகிழக்கு எம்.ஆர்.டி. பாதை திறந்து, லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நிலையமும் வந்தது. அங்கே போனால் கட்டடம் கண்ணுக்கு நிறைவு. ஆனால் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்து, இரவில் ஜன்னலைத் திறந்து கீழே ஆளைக் கூப்பிட்ட குடும்பங்களை இன்று தேடத்தான் வேண்டும். எங்கள் காலிக் கோட்டையும் அப்படித்தான். 1988இல் உலக மரபுரிமை ஆனது, சுவர்கள் பிழைத்தன, வீடுகளிற் பல விடுதிகளாகின. சட்டம் கல்லைக் காக்கும். உள்ளே இருந்தவரைக் காக்க வேறொரு முயற்சி வேண்டும்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஸ்காபரோவின் கதை தெரியும். 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயில், 2023 யூலையில் பெட்டி ஒன்று தடம்புரண்ட பின் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. மக்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். பனிக்காலத்தில் நிறுத்தத்தில் நிற்பது எப்படியென்று இங்கே வந்திருப்பவர்களைக் கேளுங்கள். அதே நகரத்தில் எக்ளிங்டன் வீதியின் மேற்குப் பகுதியில், லிட்டில் ஜமெய்க்கா என்று பெயர்பெற்ற கடைத்தெரு உண்டு. 2011இல் தொடங்கிய புது ரயில்பாதை வேலை சொன்ன காலத்தில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தெருவைத் தோண்டி வேலி அடைத்திருந்த அந்தக் காலத்தில், முடிதிருத்தும் கடையும் இசைத்தட்டுக் கடையும் ஒவ்வொன்றாக மூடுண்டன. புழுதியைச் சுவாசித்தவர் ஒருவர், ரயில் வரும்போது பலன் பெறுபவர் இன்னொருவர்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் நாங்கள் மூவரும் ஒரு அளவுகோலுக்கு வந்தோம். எத்தனை மாடி என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி: நேற்று இந்தக் கேற்றால் போய்வந்தவர் நாளையும் போய்வர முடியுமா? முடியுமென்றால் பத்து மாடியும் நல்லது. முடியாதென்றால், விறாந்தையை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது பாரம்பரியம் ஆகாது.

இந்த அளவுகோலை எங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்போம். பத்து மாடி கட்டினால், சட்டப்படி ஒவ்வொரு வீட்டை வாங்குபவருக்கும் அடிநிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. காணி சங்கத்தின் தனிச்சொத்தாக இருக்கப்போவதில்லை; எங்களுக்குப் பின் வருபவர்கள் நினைத்தாலும் மீட்க முடியாது. பராமரிப்புக் கட்டணம் மற்ற எட்டு மாடிக்காரரின் வசதிக்கேற்ப ஏறும்; அதைக் கட்டும் அளவுக்கு எங்கள் அறை வாடகையும் ஏறும். அப்போது நெடுங்கேணியிலிருந்து முதல் சம்பளம் எடுக்க வரும் பிள்ளைக்கு அங்கே இடமிருக்காது. மாஸ்டருக்கும் இருக்காது.

ஆனால் வீட்டை இப்படியே விடுவதும் சரியல்ல. இதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. கட்டடக் கலைஞர், தூணையும் ஓட்டையும் தொடக்கூடாது என்றார். நில அளவையாளர் கேட்டார்: பன்னிரண்டு கட்டில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் கட்டில் இல்லையென்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறோம், விறாந்தையின் அழகுக்காக ஒரு பிள்ளையை வீதியில் விடுவதா? இந்தக் கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்த வீடு பாரம்பரியம் அல்ல, பூட்டிய கேற்.

ஆகவே எங்கள் பரிந்துரை இது. முன்வீடும் விறாந்தையும் கராஜும் நிற்கட்டும். கூரையையும் மின்னிணைப்பையும் திருத்துவோம். காணியின் பின்பகுதியில், பலாவை விட்டு, நான்கு மாடியில் அறைகள் மட்டும் கொண்ட ஒரு கட்டடம் எழுப்புவோம். கட்டில்கள் மும்மடங்காகும். கிணற்றைத் திறந்து மழைத்தண்ணீரை அதற்குள் இறக்குவோம். நோயாளரை இறக்கிவிட ஒரு வாகனத்துக்கு மட்டும் இடம். நிலையம் நான்கு நிமிடத்தில் இருக்கும் வீட்டுக்கு அதற்குமேல் கார்த் தரிப்பிடம் தேவையில்லை. வேலை நடக்கும் காலத்தில் முன்வீட்டுப் பிள்ளைகளை வெளியேற்றமாட்டோம். பகுதி பகுதியாகக் கட்டுவோம். வாடகை பிள்ளைகளின் வருமானத்துக்கேற்பவே இருக்கவேண்டும் என்பதையும், காணியை விற்கவோ பங்கிடவோ கூடாது என்பதையும் நம்பிக்கைப் பொறுப்பு உறுதியில் எழுதிவைப்போம். மாஸ்டருக்கு எழுத்தில் ஒரு குத்தகை கொடுப்போம். இத்தனை வருடம் வாய்ப்பேச்சில் இருந்தவருக்கு அது எங்கள் கடன்.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. கட்டட நிறுவனம் ஒரு சதமும் கேட்கவில்லை. எங்கள் திட்டத்துக்கு முழுச் செலவும் நாங்களேதான். அடுத்த மாதம் கை உயர்த்துபவர்கள் பணப்பையையும் திறக்க வேண்டும். நூற்றாண்டு மலருக்கு விளம்பரம் சேர்த்த அதே ஊக்கத்தோடு இதற்கும் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. மூன்று, நான்கு வருடம் எடுக்கும். அதுவரை சில பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டிவரும்.

அதனால் இன்னுமொரு வேண்டுகோள். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தோம். பிறகு, நம் சகோதரிகள்தானே என்று துணிந்தோம். இரவு எட்டு மணிக்கு மெரைன் டிரைவில் நின்று தொடர்மாடிகளை அண்ணாந்து பாருங்கள். எத்தனையோ ஜன்னல்களில் விளக்கில்லை. அம்மா காலமான பின் பூட்டிய வீடு. வருடத்தில் மூன்று கிழமை விடுமுறைக்கு வரும்போது திறக்கும் வீடு. உங்களிற் சிலரின் வீடுகளும் அவற்றுள் உண்டு. அவற்றை வாங்கிய வியர்வையை நாங்கள் அறிவோம். விற்க மனம் வராததையும் அறிவோம். ஆனால் கட்டடம் நெருங்கி, ஆள் இல்லாமற் போனால் அதை நகரம் என்று சொல்ல முடியாது. அதே ஒழுங்கையில் கட்டில் கிடைக்காமல் ஒரு பிள்ளை திரும்பிப் போகிறாள். உங்கள் வீட்டின் ஒரு அறையை, எங்கள் பின்கட்டடம் எழும்பும் வரைக்குமாவது, சங்கத்தின் பொறுப்பில் அவளுக்குக் கொடுங்கள். நீங்கள் வரும்போது வீடு தூசு தட்டியிருக்கும். கதவைத் திறக்க ஒருத்தி இருப்பாள்.

அந்தக் காணியை எழுதிவைத்த அம்மையார் அதன் விலையைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவரல்லர். அவரும் ஒரு காலத்தில் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர். விற்றுப் பணமாகக் கொடுத்திருக்கலாம். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடாகவே கொடுத்தார். விடியற்காலையில் வந்து இறங்கும் பிள்ளை நடந்தே வந்து சேரட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்று நாங்கள் நம்புகிறோம்.

அடுத்த மாதம் வாக்களிக்க வருமுன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். காரில் போகவேண்டாம். கோச்சியில் வந்து இறங்கி, அந்த நான்கு நிமிடத்தை நடந்து போங்கள். மாஸ்டர் இருப்பார்; பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள். எங்கள் மூவரின் கருத்துக்கு எதிராக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம்.